கேமராவுக்கு ஏற்ற மெமரி கார்டு: சங்கங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலை, 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி, வடக்குத்து, குறிஞ்சிப்பாடிப் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயன் தந்து நின்ற முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த மரத்தை அப்படியே விட்டுவைக்க இயலாது; வெட்டி அகற்றினால்தான் நிலம் மறுபடியும் பயிருக்கு வரும். அகற்றிய பின்னர், அவ்விடத்தில் எத்தனை மரங்கள் நின்றன, அவை எவ்வளவு பருமன் உடையவை என்பதற்குக் கண்கண்ட சான்று யாது? அன்று எடுத்துவைத்த புகைப்படமே சான்று. 2015-ஆம் ஆண்டின் பெருமழையிலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்து வந்த வெள்ளத்திலும் கடலூர் மாவட்டத்து மக்கள் இதனையே மீண்டும் கண்டனர். வெள்ளம் வடிந்துவிட்டால் அது நின்ற உயரமும் மறைந்துவிடுகிறது.

நெசவாளர் நிலையும் இதுவே. குழித்தறியில் நீர் புகுந்தால் ஏற்றிய பாவு வீணாகிறது. இரண்டு வெயிலில் குழி காய்ந்துவிட்டால் நட்டத்தின் அடையாளமே இராது. இழப்பைப் பதிவதற்கு மட்டுமன்றி ஆக்கத்தைப் பதிவதற்கும் கேமரா வேண்டியிருக்கிறது. குறிஞ்சிப்பாடிக் கைலியின் கட்டமும் வண்ணச் சேர்க்கையும் இன்று வெளியூர் வியாபாரிக்குப் படமாகவே முதலில் சென்று சேர்கின்றன. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திற்காக நிலம் எடுக்கப்படும் ஊர்களில், கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றை ஒப்படைப்பதற்கு முன்னர்ப் படமெடுத்து வைத்திருப்பது உடையவருக்கு எத்துணைத் துணை என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே சங்கத்திற்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்குவது வீண் செலவன்று. ஆனால் கேமரா வாங்கும்போது விலையையும் பெயரையும் ஆராயும் நாம், படம் தங்குகின்ற இடமாகிய மெமரி கார்டைப் பற்றிச் சிறிதும் எண்ணுவதில்லை. கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருகிறோம். சில ஆண்டுகள் சென்றபின் அட்டை கேமராவில் பொருந்தவில்லை, பொருந்தினாலும் படிக்கவில்லை, படித்தாலும் படங்களைக் காணவில்லை என்று வருந்துகிறோம். அட்டையின் வகைகள் எவை, அவற்றுள் எதனைத் தேர்வது, எங்ஙனம் பேணுவது என்பவற்றை அங்கத்தினர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பயன்படுமாறு இங்கே கூறுவோம்.

அட்டைக்குள் நடப்பது என்ன?

மெமரி கார்டுக்குள் சுழலும் உறுப்போ, நாடாவோ கிடையாது. உள்ளே இருப்பது 'ஃபிளாஷ்' எனப்படும் ஒருவகை நினைவகச் சில்லு. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்னும் பொறியாளர் இதனைக் கண்டறிந்து 1984-இல் உலகிற்கு அறிவித்தார். இன்றைய அட்டைகளில் உள்ள 'நாண்ட்' வகை 1987-இல் அறிவிக்கப்பட்டது.

இதன் செயல்முறையை உழவர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சில்லுக்குள் எண்ணிறந்த நுண்ணிய அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் நாற்புறமும் கரை கட்டிய குட்டையைப் போன்றது. மின்னணுக்களை உள்ளே செலுத்தி அடைத்துவிட்டால், மின்சாரம் நின்ற பின்னரும் அவை அங்கேயே தங்குகின்றன. எந்தக் குட்டையில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதே படத்தின் கணக்கு. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, எழுதியும் அழித்தும் வருந்தோறும் கரை சிறிது தேய்கிறது. எனவே அட்டைக்கும் ஆயுள் உண்டு. இரண்டாவது, எத்துணை உறுதியான கரையாயினும் ஆண்டுகள் பல கடந்தால் கசிவு ஏற்படும். எனவே அட்டை நிரந்தரக் களஞ்சியம் ஆகாது. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால், பின்னர்க் கூறப்போகும் அறிவுரைகள் யாவும் எளிதில் விளங்கும்.

வந்தனவும் மறைந்தனவும்

டிஜிட்டல் கேமராவின் தொடக்கத்தில் இத்தகைய அட்டை இல்லை. 1975-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்பவர் அமைத்த முதற் கேமரா, ஒரு படத்தை ஒலிநாடாப் பேழையில் பதிவதற்கு 23 விநாடி எடுத்துக்கொண்டது. பின்னர், 1990-களில் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தம் அட்டைகளை வெளியிட்டன.

1994-இல் சான்டிஸ்க் நிறுவனம் 'காம்பாக்ட் ஃபிளாஷ்' அட்டையை வெளியிட்டது. தீப்பெட்டியைத் தட்டையாக்கியது போன்ற வடிவும், 50 நுண் ஊசிகள் பொருந்தும் துளைகளும் உடையது அது. 1995-இல் தோஷிபா 'ஸ்மார்ட் மீடியா' என்னும் மெல்லிய அட்டையைத் தந்தது. 1998-இல் சோனி 'மெமரி ஸ்டிக்' என்னும் நீண்ட அட்டையைத் தன் கருவிகளுக்கென வகுத்துக்கொண்டது. 1999-இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து 'எஸ்.டி.' அட்டையை அறிவித்தன. 2002-இல் ஒலிம்பஸும் ஃபியூஜியும் கூடி 'எக்ஸ்.டி.' என்னும் மிகச் சிறிய அட்டையைக் கொண்டுவந்தன. பெயரில் எஸ்.டி.யும் எக்ஸ்.டி.யும் நெருங்கியிருப்பினும், ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது என்பது கவனிக்கத்தக்கது.

இவற்றுள் ஸ்மார்ட் மீடியாவும் எக்ஸ்.டி.யும் மறைந்துபோயின. மறைந்தமைக்கான காரணம் சங்க நிர்வாகிகள் சிந்திக்கத்தக்கது. காம்பாக்ட் ஃபிளாஷ், எஸ்.டி. ஆகியவற்றுள், எந்தப் படம் எந்த அறையில் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு அட்டைக்குள்ளேயே உண்டு. கிடங்குக்குள்ளேயே ஒரு கணக்கர் அமர்ந்திருப்பது போன்ற ஏற்பாடு இது. வெளியே இருப்பவர் பொருளைக் கேட்டால் போதும். அடுக்கின் விவரம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஸ்மார்ட் மீடியாவிலும் எக்ஸ்.டி.யிலும் இந்தக் கணக்கர் இல்லை. அடுக்கின் விவரம் முழுவதையும் கேமராவே அறிந்திருக்க வேண்டியதாயிற்று. பெரிய கொள்ளளவுடைய புதிய அட்டை வந்தபோது பழைய கேமராக்கள் பல அதனைப் படிக்க இயலாமல் நின்றன. ஸ்மார்ட் மீடியா 128 மெகாபைட்டுடனும், எக்ஸ்.டி. 2 ஜிகாபைட்டுடனும் நின்றுவிட்டன.

மெமரி ஸ்டிக்கின் குறை வேறு. அது சோனியின் சொந்த அளவாகவே பெரும்பாலும் இருந்தது. ஊருக்கு ஊர் ஒரு படியும் ஒரு மரக்காலும் வழங்கிய நாட்களில் வெளியூரில் நெல் விற்கச் சென்றவர் பட்ட தொல்லையை முதியோர் அறிவர். 1956-இல் இந்திய அரசு எடையளவுத் தரச் சட்டம் இயற்றி மெட்ரிக் முறையை நாடு முழுமைக்கும் பொதுவாக்கியதும் அத்தொல்லை ஒழிந்தது. அட்டை உலகிலும் அதுவே நிகழ்ந்தது. 2000-ஆம் ஆண்டில் எஸ்.டி. அட்டைக்கென ஒரு சங்கம் அமைந்து, பல நிறுவனங்களும் அதன் விதிகளுக்கு உட்பட்டுச் செய்யத் தொடங்கின. 2010-இல் சோனியே எஸ்.டி. அட்டை செய்து விற்க முன்வந்தது. ஒலிம்பஸும் ஃபியூஜியும் எஸ்.டி.க்கு மாறின. தனி அளவு எவ்வளவு நேர்த்தியாயினும், பலர் கூடி ஒப்புக்கொண்ட பொது அளவே நிலைத்தது. கூட்டுறவாளர்களாகிய நமக்கு இது வியப்பன்று.

எஸ்.டி. குடும்பம்

இன்று கடையில் கிடைப்பவற்றுள் பெரும்பான்மை எஸ்.டி. குடும்பத்தைச் சேர்ந்தவை. உருவத்தால் இவற்றுள் இரண்டு வகை வழக்கில் உள்ளன. 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது முழு அளவு எஸ்.டி. 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் உடைய நகமளவு அட்டை மைக்ரோ எஸ்.டி. கைப்பேசிகள் சிலவற்றில் இடுவது இதுவே. மைக்ரோ அட்டையை ஓர் உறையில் செருகி முழு அளவு அட்டையாகப் பயன்படுத்தலாம். ஆயினும் சங்கக் கேமராவுக்கு முழு அளவு அட்டையே நல்லது. நகமளவுப் பொருள் மேசையிலிருந்து விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. உறையின் இணைப்பும் தளர்வதுண்டு.

கொள்ளளவால் இக்குடும்பத்தில் நான்கு தலைமுறைகள் உண்டு. 2 ஜிகாபைட் வரை கொள்வது 'எஸ்.டி.'. 2006-இல் வந்தது 32 ஜிகாபைட் வரை கொள்ளும் 'எஸ்.டி.எச்.சி.'. 2009-இல் அறிவிக்கப்பட்டது 'எஸ்.டி.எக்ஸ்.சி.', அதன் உச்ச அளவு 2 டெராபைட், அதாவது 2,000 ஜிகாபைட். 2018-இல் அறிவிக்கப்பட்ட 'எஸ்.டி.யு.சி.' 128 டெராபைட் வரை செல்லும். நமக்கு இப்போது அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இங்கே ஒரு விதியை நன்கு நினைவிற் கொள்ள வேண்டும். புதிய கேமரா பழைய தலைமுறை அட்டையைப் படிக்கும். பழைய கேமரா புதிய தலைமுறை அட்டையைப் படிக்கும் என்று நம்புவதற்கில்லை. உருவம் ஒன்றாகவே இருப்பதால் உள்ளே நுழைந்துவிடும். ஆனால் 'அட்டை பிழை' என்று திரையில் தோன்றும். 2006-க்கு முற்பட்ட கேமராவிற்குப் பெரும்பாலும் 2 ஜிகாபைட்டுக்கு உட்பட்ட அட்டையே வேண்டும். எனவே கடைக்குச் செல்லுமுன் கேமராவின் கையேட்டில் எந்தத் தலைமுறை வரை ஏற்கும் என்று பார்த்துக் குறித்துச் செல்க.

தலைமுறை மாறும்போது அட்டையில் கோப்புகளை அடுக்கும் முறையும் மாறுகிறது. எஸ்.டி.எச்.சி. அட்டையின் முறை 'ஃபேட் 32' எனப்படும். அதில் தனி ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட இயலாது. நீண்ட சலனப்படம் துண்டு துண்டாகவே பதிவாகும். எஸ்.டி.எக்ஸ்.சி.யின் 'எக்ஸ்ஃபேட்' முறையில் இத்தடை இல்லை; ஆனால் மிகப் பழைய கணிப்பொறிகள் அதனைப் படிக்காமற் போகலாம். சங்க அலுவலகக் கணிப்பொறி பழையதாயின் இதனையும் ஆராய்தல் வேண்டும்.

தொழில்முறைக் கேமராக்களின் அட்டைகள்

காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை உயர்தரக் கேமராக்களில் நெடுங்காலம் நிலைத்தது. 2016-இல் வந்த கேனான் கேமரா ஒன்றிலும் அதற்கு இடம் இருந்தது. அதன் வழியில் 'எக்ஸ்.கியூ.டி.' அட்டை வந்து, 2012-இல் நிக்கான் கேமராவில் இடம்பெற்றது. இன்று உயர்தரக் கேமராக்களில் பரவலாக வழங்குவது 'சி.எஃப். எக்ஸ்பிரஸ்'. இதில் 'ஏ' என்றும் 'பி' என்றும் உருவில் வேறுபட்ட இரு வகைகள் கேமராக்களில் உள்ளன. ஒன்று மற்றதன் துளையில் புகாது. இவை திரைப்படப் பிடிப்பாளர், பறவை பிடிப்போர், விளையாட்டுச் செய்திப் படம் எடுப்போர் முதலியோருக்கு உரியவை. விலையும் அதற்கேற்ப மிகுதி. படிக்கும் கருவியும் தனியே வாங்க வேண்டும். விழுந்த மரத்தையும் விரித்த சேலையையும் படமெடுப்பதற்கு இவ்வேகம் தேவையில்லை. பழைய கேமரா ஒன்று நன்கொடையாக வருமாயினும், அது எந்த அட்டை ஏற்பது என்று முதலில் வினவுக. அட்டை கிடைக்காத கேமரா, பண்ணை கிடைக்காத தறி போன்றது.

அட்டையின் முகத்தில் எழுதியிருப்பவை

நூற்கண்டின் மேல் எண் பார்த்து நாற்பதா அறுபதா என்று அறிகின்ற நெசவாளருக்கு, அட்டையின் குறிகளைப் படிப்பது கடினமன்று. காண வேண்டியவை இரண்டே: கொள்ளளவு, வேகம்.

கொள்ளளவில் மிகப் பெரியதை நாடுதல் வேண்டா. 24 மெகாபிக்சல் கேமராவில் வழக்கமான ஜேபெக் படம் ஒன்று ஏறத்தாழ 10 மெகாபைட் கொள்ளும். ஆக 32 ஜிகாபைட் அட்டையில் சுமார் 3,000 படங்கள் அடங்கும். ஓர் ஊரின் சேதத்தை முழுவதும் பதிந்தாலும் இத்தனை தேவைப்படாது. அந்த அட்டையைக் கணிப்பொறியில் இட்டால் 29.8 என்று காட்டுவது கண்டு ஏமாற்றம் எனக் கருத வேண்டா. செய்பவர் ஆயிரத்தின் மடங்காலும், கணிப்பொறி 1,024-இன் மடங்காலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது.

வேகத்தைக் குறிக்க மூன்று வகைக் குறிகள் உண்டு. வட்டமான 'சி' எழுத்துக்குள் 2, 4, 6, 10 என்னும் எண். 'யு' எழுத்துக்குள் 1 அல்லது 3. 'வி' எழுத்தை அடுத்து 6, 10, 30, 60, 90. இவை, இடைவிடாது எழுதும்போது அட்டை ஒரு விநாடியில் குறைந்தது எத்தனை மெகாபைட் எழுதும் என்பதற்கான உறுதிமொழி. சி 10, யு 1, வி 10 மூன்றும் விநாடிக்கு 10 மெகாபைட். யு 3, வி 30 இரண்டும் 30 மெகாபைட். இவற்றை விடப் பெரிய எழுத்தில் 100, 170 என்று அச்சிட்டிருக்கும் எண், பெரும்பாலும் படிக்கும் வேகத்தின் உச்சம். உச்சத்தைக் காட்டிலும் குறைந்த அளவின் உறுதியே நமக்கு முக்கியம். காளை ஒருநாள் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தா வாங்குகிறோம்? நாள்தோறும் உழும் உழவைப் பார்த்தே வாங்குகிறோம்.

எவ்வளவு வேகம் வேண்டும்? நிழற்படத்திற்கும் சாதாரணச் சலனப்படத்திற்கும் யு 1 போதும். '4 கே' எனப்படும் நுண்ணிய சலனப்படத்தை விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதியும் கேமராவாயின், அது விநாடிக்கு 12.5 மெகாபைட் ஆகும். அதற்கு வி 30 போதுமானது. ஆனால் அவ்வாறு ஒரு மணி நேரம் பதிந்தால் 45 ஜிகாபைட் நிரம்பும் என்பதை அறிந்து கொள்ளளவைத் தேர்க. 'ஏ 1', 'ஏ 2' என்னும் குறிகள் கைப்பேசியில் செயலிகள் இயங்குவதைப் பற்றியவை. கேமராவுக்கு அவற்றால் பயனில்லை.

எதனை வாங்கலாம்?

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பார்க்கின், சங்கத்திற்கு ஏற்ற தேர்வு இதுவாகும்.

1. புதிதாகக் கேமரா வாங்கும் சங்கம், முழு அளவு எஸ்.டி. அட்டை ஏற்கும் கேமராவையே வாங்குக. கணிப்பொறியில் படிக்கும் கருவி எளிதில் கிடைக்கும். அக்கம்பக்கத்துச் சங்கத்தின் அட்டையும் உதவும்.

2. நிழற்படத்திற்கு 32 ஜிகாபைட், யு 1 வகை எஸ்.டி.எச்.சி. அட்டைகள் இரண்டு. சலனப்படமும் எடுப்பதாயின் 64 ஜிகாபைட், வி 30 வகை எஸ்.டி.எக்ஸ்.சி. அட்டைகள் இரண்டு. பெரிய அட்டை ஒன்றினும் அளவான அட்டை இரண்டு மேல். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும்.

3. எக்ஸ்.டி., ஸ்மார்ட் மீடியா, பழைய மெமரி ஸ்டிக் ஆகியவற்றில் படங்கள் வைத்திருப்போர், அவற்றைப் படிக்கும் கருவி கைக்குக் கிட்டும் இன்றே கணிப்பொறிக்கு மாற்றிவிடுக. அக்கேமராக்களுக்காகப் புதிதாகச் செலவிடுதல் வேண்டா.

வாங்குமிடத்திலும் எச்சரிக்கை வேண்டும். போலி அட்டைகள் சந்தையில் உலவுகின்றன. உள்ளே 8 ஜிகாபைட் மட்டுமே கொண்ட சில்லை வைத்து, 128 என்று கணிப்பொறிக்குப் பொய் கூறுமாறு கட்டுப்பாட்டுச் சில்லைத் திருத்தி விற்கின்றனர். முதல் 8 ஜிகாபைட் வரை குறை தெரியாது. அதன்பின் எடுக்கும் படங்கள் பதிந்ததுபோல் தோன்றி, திறக்கும்போது வெறுமையாய் இருக்கும், அல்லது முந்தைய படங்களின் மேலேயே விழுந்து அவற்றையும் கெடுக்கும். இதனைக் கண்டறிய 'எச் 2 டெஸ்ட் டபிள்யூ', 'எஃப் 3' என்னும் இலவச மென்பொருள்கள் உள்ளன. அவை அட்டை முழுவதும் எழுதிப் பார்த்துப் பின் படித்துச் சரிபார்க்கின்றன. வாங்கிய அன்றே, படம் எதுவும் எடுப்பதற்கு முன்னரே இச்சோதனையைச் செய்க. ரசீதைக் கோப்பில் வைக்க. நூல் வந்தவுடன் எடையும் எண்ணும் சரிபார்க்காமல் எந்தச் சங்கமும் இருப்பில் ஏற்றுவதில்லை அன்றோ?

பேணும் முறை

அட்டையை முதன்முதலாக இடும்போது கேமராவிலேயே 'ஃபார்மட்' செய்க. வெவ்வேறு கேமராக்களுக்கு அட்டையை மாற்றும்போதும் அவ்வாறே. ஆனால் உள்ளிருக்கும் படங்களை முன்னதாகப் பிரதி எடுத்த பின்னரே. விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது அட்டையையோ மின்கலத்தையோ கழற்றலாகாது. படம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. கேமராவை நிறுத்திய பின்னரே கழற்றுக. முந்திரித் தோப்பின் செம்மண் புழுதியும், தறிக்கூடத்தின் பஞ்சுத் தூசியும் அட்டையின் செப்புத் தடங்களில் படியாதபடி சிறு பெட்டியில் வைத்து மூடுக.

முழு அளவு எஸ்.டி. அட்டையின் பக்கவாட்டில் ஒரு சிறு தாழ் உண்டு. அதனைக் கீழே தள்ளினால் கேமரா அதில் எழுதாது, அழிக்காது. படமெடுத்து முடித்த அட்டையை உடனே தாழிட்டு வைப்பது நற்பழக்கம். ஆனால் அத்தாழ் வெறும் அடையாளமே. கருவி அதனை மதித்து நடக்கிறதேயன்றி, அட்டை தானாகத் தடுப்பதில்லை. எனவே தாழை நம்பிப் பிரதி எடுக்காமல் இருத்தல் கூடாது.

தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால் பதற வேண்டா. அழித்தல் என்பது பெரும்பாலும் பெயரேட்டில் பெயரை அடிப்பது மட்டுமே. படத்தின் உடல் அங்கேயே இருக்கும். அந்த அட்டையில் மேலும் ஒரு படமும் எடுக்காமல் உடனே கழற்றி, மீட்கும் மென்பொருள் கொண்டு முயன்றால் பெரும்பாலும் கிடைக்கும். மேலும் படமெடுத்தால் புதியது பழையதன் மேல் ஏறிவிடும். பின்னர் மீட்க வழியில்லை.

எல்லாவற்றினும் முதன்மையானது, அட்டையைக் களஞ்சியமாக எண்ணாமை. கதிரைக் களத்திலிருந்து வீட்டிற்குக் கொண்டுவரும் வண்டியே அட்டை. வண்டியிலேயே நெல்லை வைத்துக்கொண்டிருப்பார் உண்டோ? படமெடுத்த அன்றே கணிப்பொறியில் ஒரு பிரதியும், தனி வட்டு ஒன்றில் மற்றொரு பிரதியும் எடுத்திடுக. அவ்விரண்டும் ஒரே கட்டடத்தில் இருத்தல் ஆகாது. வெள்ளம் வந்தால் அலுவலகத்தின் கீழ்த்தட்டு அலமாரி முழுவதும் ஒருசேர நனையும். சேதத்தைக் காட்டும் படமும் சேதத்தோடு போகும். ஒரு பிரதி வேற்றூரில் இருப்பதே பாதுகாப்பு.

படம் சான்றாகும்போது

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தனி வயல்களைத் தாக்கும் உள்ளூர்ப் பேரிடர் இழப்பை 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும் என்பது விதி. அந்த மூன்று நாட்களுக்குள் எடுத்த படம், பின்னர் எழுதும் மனுக்கள் அனைத்திற்கும் துணை நிற்கும். வழக்காகிவிடின், படத்தின் நம்பகத்தன்மையும் கேள்விக்கு உள்ளாகும்.

2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில், மெமரி கார்டில் அடங்கிய உள்ளடக்கம் சட்டத்தின் நோக்கில் ஓர் 'ஆவணம்' என்று தீர்ப்பளித்தது. 2020 ஜூலையில் அதே நீதிமன்றம், மின்னணுப் பதிவின் பிரதியைத் தாக்கல் செய்வோர் சட்டம் கூறும் சான்றிதழையும் உடன் அளித்தல் வேண்டும் என்றும், மூலக் கருவியையே உடையவர் நேரில் கொணர்ந்து மெய்ப்பிப்பின் அது வேண்டா என்றும் தெளிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவு இச்சான்றிதழைப் பற்றிக் கூறுகிறது. கோப்பின் கைரேகை என்று சொல்லத்தக்க 'ஹாஷ்' எண்ணையும் அச்சான்றிதழில் குறிக்க வேண்டும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அவ்வெண் மாறிவிடும்.

இதனால் நாம் கொள்ள வேண்டியது யாதெனின், பெரும் சேதம் ஒன்றைப் பதிந்த அட்டையைப் பிரதி எடுத்த பின்னரும் அழித்து மறுபடி பயன்படுத்தலாகாது. தாழிட்டு, உறையிலிட்டு, நாளும் இடமும் எடுத்தவர் பெயரும் எழுதிப் பெட்டகத்தில் வைத்தல் வேண்டும். அட்டைகள் சிலவற்றைக் கூடுதலாக வாங்கி வைப்பதன் பயன் இங்கே விளங்கும். ஓர் அட்டையின் விலை, சாய்ந்த ஒரு பலா மரத்தின் ஓராண்டுக் காய்ப்புக்கு ஈடாகாது. மூல அட்டையை ஒருபோதும் கைவிட்டுக் கொடுக்கலாகாது. கேட்போருக்குப் பிரதியே கொடுக்க. படமெடுக்கப் புறப்படுமுன் கேமராவின் கடிகாரத்தைச் சரிபார்ப்பதும் இன்றியமையாதது. மின்கலம் நெடுநாள் வற்றிக் கிடந்தால் பல கேமராக்களில் தேதி பின்னோக்கிச் சென்றுவிடும். புயலுக்குப் பல ஆண்டுகள் முந்திய தேதி பொறித்த புயற்படத்தை யார் ஏற்பர்?

சங்கங்களின் கடமை

இவையாவும் ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால் அவர் ஓய்வு பெற்றதும் மறைந்துவிடும். எனவே நிர்வாகக் குழு இதனை ஒரு தீர்மானமாகவே நிறைவேற்றி வைத்தல் நன்று. ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண் இட்டு, வாங்கிய நாள், வகை, கொள்ளளவு, சோதித்தவர் கையொப்பம் ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டில் எழுதுக. எந்த நிகழ்ச்சியின் படங்கள் எந்த அட்டையில் உள்ளன, பிரதிகள் எவ்விடங்களில் உள்ளன என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்குக. ஆண்டுத் தணிக்கையின்போது பிரதிகளைத் திறந்து பார்த்து, கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று உறுதி செய்க. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றுக. கைத்தறிச் சங்கங்கள் தம் பழைய கட்டங்கள், கரைகள், வண்ண மாதிரிகள் ஆகியவற்றையும் இவ்வாறே படமாக்கி எண்ணிட்டு வைக்கலாம். துணி நைந்து போனாலும் கட்டம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை, அதனோடு புயற்காலமும். அதற்கு முன்னரே ஒவ்வொரு சங்கமும் தன் கேமராவைத் திறந்து, உள்ளிருக்கும் அட்டை எவ்வகையது, அது படிக்கிறதா, மாற்று அட்டை உண்டா, கடிகாரம் சரியாக உள்ளதா என்று பார்த்து வைக்குமாயின், இடர் வந்த நாளில் அங்கத்தினர் ஒவ்வொருவர் வாசலுக்கும் சென்று படமெடுக்க ஆயத்தமாய் இருக்கும்.